உப்பு விளையும் கரையில் தொழிலறிவு

தொழில்முனைவு, புத்தாக்கம் என்னும் சொற்கள் இன்று நம் பிள்ளைகளின் நாவில் அன்றாடம் புழங்குகின்றன. வளைகுடா நாடுகளில் பல்லாண்டு உழைத்துத் திரும்புவோரும், கல்லூரிப் படிப்பை முடித்து உள்ளூரிலேயே ஏதேனும் செய்யலாம் என எண்ணுவோரும், ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் தாழ்வாரத்தில் நின்று பேசுவது பெரும்பாலும் இதைப் பற்றியே. அவர்கள் எடுத்துக்காட்டும் வெற்றிக் கதைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் நிகழ்ந்தவை. அவற்றில் கற்க வேண்டியன இல்லாமல் இல்லை. ஆயினும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாம் நாள்தோறும் கடந்து செல்லும் வெண்ணிறக் குவியல்களுக்குள் ஈராயிரம் ஆண்டுத் தொழில் வரலாறு ஒன்று அடங்கிக் கிடக்கிறது. பேருந்துச் சன்னல் வழியே பார்ப்பதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம்.

அவ்வரலாற்றை ஜமாஅத் அன்பர்களின் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அரசர்களின் வரிசையாக அதனைச் சொல்ல நாம் முற்படவில்லை. யார் எதைக் கண்டுபிடித்தனர், எந்த மனிதரின் எத்தகைய தேவையைக் கண்டு அதைச் செய்தனர், அதன் பயன் யாரைச் சென்றடைந்தது என்று வினவிக்கொண்டே செல்ல விழைகிறோம்.

உமணரின் சேம அச்சு

சிறுபாணாற்றுப்படை கூறும் ஓய்மா நாட்டு எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் பகுதியே என்பது ஆய்வாளர் பலரின் கொள்கை. கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற பெரிப்ளூஸ் என்னும் கடற்பயண நூல் குறிக்கும் சோபட்மா துறைமுகத்தையும் இக்கரையோடு இணைத்துக் கூறுவோர் உண்டு. அந்த ஆற்றுப்படையிலேயே ஓர் அழகிய காட்சி வருகிறது. உப்பு வணிகராகிய உமணரின் வண்டி வரிசையோடு வந்த குரங்கு, முத்தினைச் சிப்பிக்குள் இட்டுக் கிலுகிலுப்பை போல ஆட்டி, உமணரின் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருக்கிறது. மனைவி மக்களோடும் வளர்ப்பு விலங்கோடும் நெடுந்தொலைவு செல்லும் வணிகக் கூட்டம் அது. கரையில் உப்பை ஏற்றி, உள்நாட்டு ஊர்களில் நெல்லுக்கு மாற்றி, மீண்டும் கரைக்குத் திரும்புவது அவர்தம் வாழ்க்கை.

இவ்வுமணரைப் பற்றி ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடல் ஒன்றில் உள்ள செய்தி, தொழில் தொடங்க எண்ணும் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. வண்டியில் பூட்டிய எருதுகள் இளையவை, நுகம் பழகாதவை. வண்டி நிறையப் பண்டம். வழியிலோ மேடும் பள்ளமும். நடுவழியில் அச்சு முறிந்தால் என் செய்வது என்று முன்னரே எண்ணிய உமணர், வண்டியின் அடியில் மற்றோர் அச்சைக் கட்டி எடுத்துச் சென்றனர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். அதியமானின் மகன் பொகுட்டெழினியை அச்சேம அச்சுக்கு ஒப்பிட்டுப் புகழ்கிறார் ஔவையார். இன்றைய வணிகக் கல்லூரிகளில் இடர் மேலாண்மை என்று தனிப்பாடமாக நடத்துவதை, ஒரு மரத்துண்டாக வண்டிக்கு அடியில் கட்டிக்கொண்டு போனவர்கள் அவர்கள். மழை ஒரு மாலையில் பெய்தாலும் கரைந்துவிடும் சரக்கைக் காட்டு வழியில் ஏற்றிச் சென்றவர்களுக்கு அந்த முன்யோசனை இல்லாதிருந்தால்தான் வியப்பு.

பாத்தியின் அறிவு

உப்பு தானாக விளைவது, வெயில் காய்ந்தால் போதும் என்று நினைப்போர் நம்முள் பலர். அது முற்றிலும் சரியன்று. கடல்நீரை ஒரே பாத்தியில் நிறுத்தி வற்றவிட்டால் கிடைப்பது சுண்ணாம்பும் கசப்பும் கலந்த ஒரு படிவு. அது உணவுக்கு உதவாது. நல்லுப்பை மட்டும் பிரித்தெடுப்பதில்தான் அளத்தாரின் அறிவு வெளிப்படுகிறது.

நீரின் செறிவை இக்காலத்தில் பூமே பாகையால் அளக்கின்றனர். கடல்நீரின் செறிவு ஏறத்தாழ 3 முதல் 3.5 பாகை. நீர் சுண்டச் சுண்ட முதலில் சுண்ணாம்புச் சத்தும், அடுத்து ஜிப்சமும் படிகின்றன. ஏறத்தாழ 25 பாகையை எட்டும்போதுதான் உப்புப் பூக்கத் தொடங்குகிறது. 29, 30 பாகையைக் கடந்தாலோ மக்னீசிய உப்புகளும் உடன் படிந்து கசப்பேறிவிடும்; அதற்கு முன்னரே எஞ்சிய கசப்பு நீரை வடித்துவிட வேண்டும். ஆக, 25க்கும் 30க்கும் இடைப்பட்ட அந்தச் சிறு இடைவெளியில் கிடைப்பதே நாம் உண்ணும் உப்பு. இதற்காகவே நீரை முதலில் பெரிய தேக்கத்திலும், பின்னர் சுண்டவைக்கும் பாத்திகளிலும், இறுதியாக உப்பெடுக்கும் சிறு பாத்திகளிலும் படிப்படியாக நகர்த்திச் செல்லும் முறை ஏற்பட்டது. சுண்ணாம்பு ஒரு பாத்தியிலும், ஜிப்சம் இன்னொன்றிலும் தங்கிவிட, கடைசிப் பாத்திக்குத் தூய்மையான உவர்நீர் மட்டுமே வந்து சேர்கிறது.

இக்கடைசிப் பாத்தியின் தரையை ஆயத்தம் செய்வது தனிக்கலை. பருவத் தொடக்கத்தில் களிமண்ணை நீர் விட்டுக் குழைத்து, நாள் பல காலால் மிதித்து மிதித்து இறுக்குகின்றனர். தரை இளகினால் உப்பில் மண் கலக்கும். வெடித்தால் உவர்நீர் உறிஞ்சப்பட்டுப் போகும். நீண்ட பிடியுள்ள பலகையால் உப்பை வாரும்போது மண் எழாத பதம் எது என்பதை உள்ளங்காலே சொல்லும் என்பர்.

செறிவை அளக்கும் கருவிக்குப் பெயர் தந்த அந்துவான் பூமே என்பவர் பிரெஞ்சு நாட்டு மருந்தியலாளர். அவர் அதனை வகுத்தது 1768ஆம் ஆண்டு. அந்நாட்டினர் கோலோச்சிய புதுச்சேரி நமக்கு மிக அருகிலேயே உள்ளது. ஆனால் அக்கருவி பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே தமிழகக் கடற்கரையில் அளங்கள் இருந்தன. அளம், பேரளம் என்னும் சொற்கள் நம் கல்வெட்டுகளில் பயின்று வருகின்றன. மரக்காணம் பூமீஸ்வரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகள் இவ்வூரின் பழமைக்குச் சான்றாக நிற்கின்றன. கருவியின்றி, கண்ணாலும் கையாலும் நாவாலும் நீரின் பதத்தை உணர்ந்து பாத்தி மாற்றிய அந்த முதல் அளத்தாரின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. கோயிலுக்கு நிவந்தம் தந்தவரின் பெயர்தான் கல்லில் ஏறும்; உப்பு எடுத்தவரின் பெயர் ஏறுவதில்லை. வரலாறு எழுதுவோர் இதைச் சற்று மனத்தில் கொள்வது நன்று.

கோட்டையும் கால்வாயும்

மரக்காணத்திற்கு வடக்கே, கடப்பாக்கத்தை அடுத்துக் கழிமுகக் கரையில் ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலி கான் காலத்தில் எழுந்த கோட்டை இது. 1750இல் பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேக்கு வழங்கப்பட்டு, 1760இல் ஆங்கிலேயரால் கைப்பற்றப்பட்டுத் தகர்க்கப்பட்டது. அதன் எஞ்சிய பகுதிகளை 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையும் சிதைத்தது. இங்கு நாணயச்சாலை ஒன்றும் படகுத்துறை ஒன்றும் இருந்தன. சரிகைத் துணியும் நெய்யும் உப்பும் இத்துறையிலிருந்து கப்பலேறின. சுற்றுலா வருவோர் கோட்டைச் சுவரைப் படமெடுத்துச் செல்கின்றனர். அச்சுவர் எழுந்ததற்குக் காரணமான வணிகத்தைப் பற்றி அங்கே கேட்பாரும் சொல்வாரும் குறைவு.

ஆங்கிலேயர் ஆட்சியில் உப்பு சென்னைக்குச் செல்லும் வழியாக அமைந்தது பக்கிங்காம் கால்வாய். 1806இல் சென்னைக்கு வடக்கே எண்ணூர் வரை பாசில் காக்ரேன் என்பவரின் முயற்சியால் வெட்டத் தொடங்கிய இந்த உவர்நீர்க் கால்வாய், சிறிது சிறிதாக இருபுறமும் நீண்டு, வடக்கே ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமிலிருந்து தெற்கே மரக்காணம் வரை 420 கிலோமீட்டர் அளவுக்கு அமைந்தது. தாது வருடப் பஞ்சம் எனப் பெயர் பெற்ற 1876-78 கொடும்பஞ்சத்தின்போது, பசித்த மக்களுக்குக் கூலி தரும் நிவாரண வேலையாகவே அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. அன்றைய ஆளுநரின் பெயரே கால்வாய்க்கும் இடப்பட்டது. வெட்டியவர்கள் யார் என்பதற்கு இங்கும் பெயர்ப்பட்டியல் இல்லை.

உப்பு, விறகு, நெல் முதலியவற்றை ஏற்றிய படகுகள் அலையும் புயலும் பாராமல், கடலுக்கு இணையாகவே அமைதியான நீரில் சென்னை சென்றன. 1965, 1966 புயல்களில் கால்வாய் தூர்ந்து சிதைந்தபின் அப்போக்குவரத்து நலிந்தது. அதற்குள் லாரிகளும் பெருகிவிட்டன.

உப்பு வரியின் கதை அனைவரும் அறிந்ததே, சுருங்கக் கூறுவோம். 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பு அரசின் தனியுரிமையாக்கப்பட்டது. தன் வீட்டு வாசலில் பூத்த உப்பை அள்ளுவதும் குற்றமாயிற்று. 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து இராஜாஜி தலைமையில் நடந்த வேதாரணிய யாத்திரை இச்சட்டத்தை எதிர்த்தே எழுந்தது. 1947 ஏப்ரல் 1 முதல் வரி நீக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டில், பத்து ஏக்கருக்கு மேற்படாத அளங்களுக்கு உரிமம் தேவையில்லை எனத் தளர்வு அளிக்கப்பட்டது. மரக்காணம் போன்ற இடங்களில் சிறு உற்பத்தியாளர் காலூன்ற இத்தளர்வு துணைநின்றது.

ஒரு சிட்டிகை அயோடின்

இனி நாம் கூறப்போவது, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய பகுதி.

அயோடின் குறைவால் கழுத்துக் கழலை வரும். கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றும். இமயமலை அடிவாரத்தில் இக்குறை ஊர் ஊராகப் பரவியிருந்தது. 1956இல் இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. இராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் ஏறத்தாழ ஒரு இலட்சம் மக்களிடையே ஓர் ஆய்வைத் தொடங்கினர். பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்து, இரண்டு பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பும், ஒன்றுக்குச் சாதாரண உப்பும் வழங்கப்பட்டன. ஐந்தாறு ஆண்டுகளில் முதலிரண்டு பகுதிகளிலும் கழலை நோய் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. மூன்றாம் பகுதிக்கும் உடனே அயோடின் உப்பு வழங்கப்பட்டது. 1962இல் நடுவண் அரசு தேசியக் கழலை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது.

மருந்தை மாத்திரையாகத் தரலாம், ஊசியாகவும் போடலாம். உப்பை ஏன் தேர்ந்தார்கள்? ஏழையும் செல்வரும் ஒரே அளவில் நாள் தவறாமல் உண்ணும் பொருள் உப்பு ஒன்றே. எவரையும் மருத்துவமனைக்கு வரச் சொல்லாமல், அவர் ஏற்கெனவே செய்யும் செயலுக்குள் மருந்தை வைத்துவிட்டனர். மேலை நாடுகளில் பயன்பட்ட பொட்டாசியம் அயோடைடு, ஈரம் கசியும் நம் நாட்டுக் கல்லுப்பில் நிலைத்து நிற்கவில்லை, ஆவியாகிப் போயிற்று. அதற்கு மாற்றாக நிலைத்து நிற்கும் பொட்டாசியம் அயோடேட் பயன்படுத்தப்பட்டது. சாக்கில் கட்டி, மழையில் நனைந்து, மாதக்கணக்கில் கடையில் கிடக்கும் உப்பு எது என்று பார்த்துச் செய்த மாற்றம் இது. வெளிநாட்டு முறையை அப்படியே இறக்கியிருந்தால் அயோடின் சாக்கிலேயே மறைந்திருக்கும்.

இப்பணியை உலகளவில் எடுத்துச் சென்றவர்களுள் ஒருவர் எம்.ஜி. வெங்கடேஷ் மன்னார். தமிழகத்தில் தலைமுறை தலைமுறையாக உப்புத் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர். சென்னை ஐ.ஐ.டி.யில் வேதிப் பொறியியல் பயின்று, அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்து, குடும்பத் தொழிலுக்கே திரும்பினார். பின்னர் யுனிசெப் முதலிய அமைப்புகளின் ஆலோசகராக நாடு நாடாகச் சென்று உப்பில் அயோடின் சேர்க்கும் வழிமுறைகளை வகுத்துக் கொடுத்தார். 1995இல் டாக்டர் ஜான் டன்னுடன் இணைந்து அவர் எழுதிய உப்பு அயோடினேற்றம் பற்றிய கையேடு பல நாடுகளில் வழிகாட்டியாயிற்று. கனடாவின் ஒட்டாவா நகரிலிருந்து இயங்கிய நுண்ணூட்டச் சத்து நிறுவனத்தை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வழிநடத்தினார். அந்நாட்டின் ஆர்டர் ஆஃப் கனடா விருதும் அவருக்கு வழங்கப்பட்டது.

1990இல் உலகில் ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்களுக்கும் குறைவாகவே அயோடின் உப்புக் கிடைத்தது. இன்று பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல். இம்மாற்றத்திற்கு உழைத்தோர் பல்லாயிரவர். அவர்களுள் பாத்தியையும் சாக்கையும் அறிந்த ஓர் உப்புக் குடும்பத்துப் பிள்ளையும் இருந்தார் என்பது நமக்கு நெருக்கமான செய்தி. மருத்துவர் அயோடின் வேண்டும் என்றார். அதை ஈர உப்பில், குறைந்த செலவில், படிக்காத தொழிலாளியும் இயக்கக்கூடிய தெளிப்புக் கருவியால் எப்படிச் சேர்ப்பது என்பது அளத்தைத் தெரிந்தவருக்கே விளங்கும்.

அடுத்து இரும்புச் சத்து. இரத்தசோகை நம் பெண்களிடையே எத்துணைப் பரவலானது என்பதை மருத்துவமனை சென்று வந்த எந்தக் குடும்பமும் அறியும். உப்பில் இரும்பைச் சேர்க்கும் ஆய்வை ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1970களிலேயே மேற்கொண்டது. இங்கு எழுந்த தடை அடுப்பங்கரையில் எழுந்தது. இரும்பு சேர்ந்த உப்பு நிறம் மாறும். சில உணவுகளையும் கருக்கச் செய்யும். கறி கறுத்தால் எந்தத் தாய் அந்த உப்பை இரண்டாம் முறை வாங்குவாள்? அயோடினையும் இரும்பையும் ஒன்றாகச் சேர்த்தாலோ, இரும்பு அயோடினை விரட்டிவிடும். இரண்டையும் நிலைப்படுத்தும் பொருள் ஒன்றைச் சேர்த்து ஐதராபாத் நிறுவனம் ஒரு வழி கண்டது. இரும்புத் துகளின் மேல் மெல்லிய கொழுப்புறை பூசி, அயோடினோடு அது உரசாமல் காக்கும் மற்றொரு வழியைக் கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் லெவென்ட் டியோசாடி, மன்னாரின் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கினார்.

இவ்விரட்டைச் செறிவு உப்பைத் தயாரித்தவற்றுள் ஒன்று நம் மாநில அரசின் தமிழ்நாடு உப்பு நிறுவனம். 1974இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனத்தின் அளங்கள் இராமநாதபுரம் மாவட்டத்தில், கீழக்கரை, ஏர்வாடி வட்டாரத்தை ஒட்டிய வாலிநோக்கத்தில் உள்ளன. ஏர்வாடிக்குச் சென்று வந்த நம்மவர் பலர் அவ்வழியே கடந்திருக்கக் கூடும். 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தின் சமையற்கூடங்களுக்கு இவ்வுப்புச் சென்றது. பள்ளிக் குழந்தைகள் அறியாமலே அவர்கள் தட்டில் மருந்து விழுந்தது.

சட்டமும் சிறு அளத்தாரும்

இக்கதைக்கு மறுபக்கம் ஒன்றுண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்கு விற்பதை 1998 முதல் நடுவண் அரசு தடை செய்தது. 2000இல் அத்தடையை நீக்கியது. 2006 மே மாதம் மீண்டும் விதித்தது. தடையை ஆதரித்தோர் குழந்தைகளின் அறிவு வளர்ச்சியைச் சுட்டினர். எதிர்த்தோர் சிறு உற்பத்தியாளரின் பிழைப்பைச் சுட்டினர். இரு தரப்பும் உண்மையே பேசின. கருவி வாங்க வசதியில்லாத சிறு அளத்தார், தம் உப்பை உணவுச் சந்தையில் நேரே விற்கும் வழியை இழந்தனர். சுத்திகரிப்பாளரிடமோ, தோல் பதனிடுவோரிடமோ, கருவாடு போடுவோரிடமோ கேட்ட விலைக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலில் தொடர்புள்ள நம் உறவினர்களுக்கு, தோலுக்கு இடும் உப்பு எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்திருக்கும். உண்பவரை மனத்திற்கொண்டு பிறந்த நல்ல புத்தாக்கம், விளைவிப்பவரை மனத்திற்கொள்ள மறந்தது என்பது நம் கருத்து. கூட்டுறவு முறையில் பொதுக்கருவிகள் தொடக்கத்திலேயே பரவலாக அமைக்கப்பட்டிருந்தால் இப்பூசல் இவ்வளவு கூர்மை அடைந்திருக்காது.

இதன் விளைவை எண்ணிலும் காணலாம். நாட்டின் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கும் இராஜஸ்தானுக்கும் அடுத்த இடம் தமிழகத்துக்கே உரியது. ஆயினும் 2018-19இல் நடந்த இந்திய அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் குடும்பங்கள் நாடு முழுதும் 76.3 விழுக்காடு, தமிழகத்தில் 61.9 விழுக்காடு. மாநிலங்களுள் கடைசி இடம் நமக்கு. உப்பு விளையும் மாநிலத்தில், மலிவாகக் கிடைக்கும் கல்லுப்பை விரும்பி வாங்குவது இயல்பு. ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் கல்லுப்பே ஏற்றது என்பர் நம் வீட்டுப் பெரியவர்கள். சுவையில் அவர்கள் சொல்வதை மறுக்க நமக்குத் துணிவில்லை. அயோடின் சேர்த்த கல்லுப்பும் கடைகளில் கிடைக்கிறது என்பதையாவது இல்லத்தரசிகளுக்கு எடுத்துரைக்கலாம்.

இறாலின் பாடம்

புத்தாக்கம் எல்லாம் நன்மையே எனக் கொள்வோர்க்கு 1990களின் இறால் பண்ணைகள் போதிய விடை. தமிழக, ஆந்திரக் கடற்கரைகளில் மிகுந்த முதலீட்டோடு பண்ணைகள் பெருகின. ஏற்றுமதி வருவாய் கொட்டியது. அண்டை வயல்களும் குடிநீர்க் கிணறுகளும் உவர்ப்பேறின. காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடற்கரை ஒழுங்குமுறை எல்லைக்குள் அமைந்த பண்ணைகளை அகற்றுமாறு தீர்ப்பளித்தது. இடையில் வெண்புள்ளி நோயும் பரவிப் பலர் கடனாளிகளாயினர். அயல் வீட்டுக் கிணற்றை எவரும் எட்டிப் பார்க்காமல் தொடங்கிய தொழில் அது.

இன்றைய அளம்

மரக்காணம் உப்பளங்கள் மூவாயிரம் ஏக்கருக்கு மேல் விரிந்துள்ளன. தமிழகத்தில் தூத்துக்குடி, வேதாரணியத்தோடு எண்ணப்படும் உப்புக்கரை நம்முடையது. அருகிலுள்ள கழுவெளி ஏரி, பழவேற்காட்டுக்கு அடுத்தபடியான பெரிய உவர்நீர் ஏரி. 2021 டிசம்பரில் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் உலகளாவிய ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. கரையோர நிலத்தைப் பயன்படுத்த எண்ணும் எத்தொழிலும் இனி இதையும் கணக்கில் கொள்ள வேண்டியுள்ளது.

ஜனவரியில் தொடங்கும் உப்புப் பருவம் வடகிழக்குப் பருவமழையோடு முடிகிறது. இடையே பெய்யும் ஒரு கோடை மழையும் பல வார உழைப்பைக் கரைத்துவிடும். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரைகடந்த பெஞ்சல் புயலின்போது அளங்கள் வெள்ளத்தில் மூழ்கி, வரப்பு எது பாத்தி எது எனத் தெரியாமல் கிடந்தன. மழைக்கால மாதங்களில் அளத் தொழிலாளருக்கு வேலை இல்லை. இக்குறையைக் கருதி 5,000 ரூபாய் உதவித்தொகையைத் தமிழக அரசு 2022இல் வழங்கத் தொடங்கியது. வாலிநோக்கம் நிறுவனத்தின் "நெய்தல் உப்பு" விற்பனைக்கு வந்ததும் அவ்வாண்டிலேதான்.

தொழிலாளரின் உடல்நலம் பற்றி அண்மை ஆண்டுகளில் தமிழக உப்பளங்களில் மருத்துவ ஆய்வுகள் நடந்துள்ளன. நிழலற்ற வெளியில், வெண்மையின் கண்கூச்சத்தில், கடும் வெப்பத்தில் நாள்தோறும் உழைப்பதால் சிறுநீரகம் பாதிப்புறுவதை அவை சுட்டுகின்றன. பெண்கள் நிலை இன்னும் இரங்கத்தக்கது. உப்பை வாரித் தலைச்சுமையாக வரப்புக்குக் கொண்டுவருவோர் பெரும்பாலும் அவர்களே. கழிப்பறை இல்லாத வெளியில் வேலை செய்வதால், வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகின்றனர். வெப்பத்தால் வரும் கேடு இதனால் இரட்டிப்பாகிறது. குழம்பில் உப்புக் குறைந்தால் உணவைத் தள்ளிவைக்கும் நாம், அவ்வுப்பை எடுத்தவர் தாகத்தை அடக்கிக்கொண்டு எடுத்தார் என்பதை அறியாதிருக்கிறோம்.

தொழில் வாய்ப்பு எங்கே எனக் கேட்கும் இளைஞர்க்கு நாம் காட்ட விரும்பும் இடம் இதுவே. குஜராத்தின் சிறிய ரண் பகுதியில் உப்பெடுக்கும் அகரியா மக்களின் வருவாயில் பெரும்பகுதியை, உவர்நீர் இறைக்கும் எந்திரத்துக்கான டீசல் விழுங்கி வந்தது. சேவா என்னும் பெண் தொழிலாளர் அமைப்பு தம் உறுப்பினரிடம் கணக்குக் கேட்டு இதை அறிந்து, சூரிய ஒளியில் இயங்கும் நீரிறைப்பான்களை அவர்களுக்குக் கடனோடு கிடைக்கச் செய்தது. சூரியனை நம்பி உப்பெடுப்போர் அதே சூரியனைக் கொண்டு நீரும் இறைக்கலாம் என்பது எளிய கருத்துத்தான். கணக்கைக் கேட்கும் வரை அது எவருக்கும் தோன்றவில்லை.

நம் அளங்களில் கேட்க வேண்டிய கணக்குகள் வேறாக இருக்கலாம். இடம் மாற்றக்கூடிய நிழற்பந்தல், நடமாடும் கழிப்பறை, உவர்நீரில் அரிக்காத காலணி, கண்கூச்சம் தடுக்கும் மலிவான கண்ணாடி, தலைச்சுமையைத் தவிர்க்கும் தள்ளுவண்டி, சிறு அளத்தார் பலர் சேர்ந்து பயன்படுத்தும் அயோடின் தெளிப்புக் கருவி, மழைக்காலத்துக்கான மாற்று வேலை என நமக்குத் தோன்றுவன பல. இவற்றுள் எது அவர்களுக்கு வேண்டும், எதற்கு அவர்கள் விலை கொடுப்பார்கள், எதை மூலையில் போட்டுவிடுவார்கள் என்பதை வரப்பில் நின்று கேட்டால்தான் தெரியும். குறுகிய வரப்பில் தள்ளுவண்டி ஓடுமா என்பதையே நம்மால் இங்கிருந்து சொல்ல இயலவில்லை.

பாத்தி மிதிக்கும் வேலை பொங்கலை ஒட்டித் தொடங்கும். அதற்கு முன், மழைக்கால ஓய்வில் தொழிலாளர் வீட்டில் இருக்கும் நாட்களிலேயே அவர்களைச் சந்தித்துப் பேச விரும்பும் இளைஞர்கள், ஆண்களும் பெண்களும், ஜமாஅத் அலுவலகத்தில் தம் பெயரைப் பதிந்துகொள்ளலாம். குறிப்பேடும் எழுதுகோலும் எடுத்து வருதல் வேண்டும்.